எட்டு விசையில் தெமோதரை

பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைகளில் தமிழ்க் கடிதம் அடித்துக் கொடுப்பவர் பாமினி எழுத்துருவில் பழகியவராக இருந்தால், 'தெமோதரை' என்ற ஊர்ப் பெயரை எழுத எட்டு விசைகளைத் தட்டுவார்: என், ஜே, பெரிய என், கே, எச், ஜே, ஐ, யூ. திரையில் விழுவது தமிழ்தான். ஆனால் கணினி தன் நினைவில் வைத்துக்கொள்வது அந்த எட்டு ஆங்கில எழுத்துகளை. பாமினி எழுத்துருவில் 'என்' இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும், பெரிய 'என்'னின் இடத்தில் இரட்டைக்கொம்பும், 'ஜே'யின் இடத்தில் தகரமும், 'எச்'சின் இடத்தில் அரவும் வரைந்து வைக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துருவை மாற்றிவிட்டால் தெமோதரை மறைந்து, வாய்க்குள் நுழையாத ஓர் ஆங்கிலக் கோவை அங்கே நிற்கும்.

யுனிகோட் எனும் ஒருங்குறியில் இதே பெயருக்கு ஏழு குறியீடுகள். முதலில் 'த', அதன் பின் ஒற்றைக்கொம்பு. கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிந்தாலும் நினைவில் மெய்யெழுத்தே முந்தி நிற்கும், நாம் உச்சரிக்கிற ஒழுங்கில். 'மோ'வின் இரட்டைக்கொம்பும் அரவும் சேர்ந்து ஒரே குறியீடு. ஒரு விசை கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்பவர், தோட்டத்துப் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கணினியில் அகரவரிசைப்படுத்திப் பார்க்கவேண்டும். பாமினியில் அடித்த பட்டியல் என்றால் தெய்வானை, செல்லம்மா, பெருமாள் மூவரும் ஒரே இடத்தில் வந்து குவிவார்கள். மூவர் பெயரும் ஒற்றைக்கொம்பில் தொடங்குகிறது என்பதே காரணம். தேடுபொறியில் தெய்வானையைத் தேடினால் கிடைக்கமாட்டார். அதே கடிதத்தை எழுத்து வடிவம் நீக்கி ஒருங்குறிக்கு மாற்றினால் வேறொரு சிக்கல்: நடுவே ஆங்கிலத்தில் இருந்த ஈ.பி.எஃப். என்ற மூன்று எழுத்துகளையும் மாற்றி மென்பொருள் தமிழ் என்றே நினைத்து, 'நு'வும் 'கு'வுமாக ஆக்கிவிடும். எது ஆங்கிலம், எது ஆங்கில வேடம் போட்ட தமிழ் என்று அதற்குத் தெரிய வழியில்லை.

மலையகத்தில் கடதாசியில் இருக்கும் பெயர் சாதாரண விஷயம் அன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் சட்டம் என்று மூன்று தலைமுறை ஆட்களின் தலைவிதி விண்ணப்பப் படிவங்களிலும் பெயர்ப் பட்டியல்களிலுமே தீர்மானிக்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தோட்டத்துப் பதிவேடான செக்ரோலில் மூன்றாவது பெயர் என்று அலைந்தவர்கள் இல்லாத லயம் அரிது. அந்தப் பெயர்கள் கணினிக்கு வந்த பிறகும் கணினியால் வாசிக்கமுடியாத எழுத்தில் கிடப்பது, எழுத்துரு என்ற நுட்பச் சங்கதியைச் சமூகச் சங்கதியாக்கிவிடுகிறது.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் வந்ததில்லை. சிங்களத்திலும் எஃப்.எம். வரிசை எழுத்துருக்கள் இதே வழியில் ஆங்கிலக் குறியீடுகளின் மேல் சிங்கள வடிவங்களை ஏற்றியவை. அவற்றுள் மிகப் பரவலாகப் புழங்கியது எஃப்.எம். அபய, புஷ்பானந்த ஏக்கநாயக்க வரைந்தது. 1990களுக்குப் பிறகு சிங்களத்தில் அச்சான எதை எடுத்தாலும் அதன் சாயல் தென்படும் என்று சொல்லுமளவுக்கு அது ஊறிப்போனது. கொழும்பில் இயங்கும் மூனியாக் என்ற எழுத்துருக் குழுவைச் சேர்ந்த பத்தும் எகொடவத்த அதை எடுத்து ஒருங்குறிக்கு இசைவாக மறுஆக்கம் செய்தார். அதற்குத் துணையான ஆங்கில எழுத்துகளை சோல் மத்தாஸ் வரைந்தார். ஐந்து தடிப்புகளில், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இடம்தரும் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ், 'அபய லிப்ரே' என்ற பெயரில் அது வெளிவந்தது. மூலத்தை வரைந்தவரின் பெயரும் அதன் விவரக்குறிப்பில் இருக்கிறது. எஃப்.எம். கெமுனுவும் இதேபோல 'கெமுனு லிப்ரே' ஆகியிருக்கிறது.

இதே காலத்தில் எபிரேய மொழியிலும் இதற்கு ஒப்பான ஒரு காரியம் நடந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் யூத வழிபாட்டுப் பாடகராக இருந்த ரஃபாயேல் ஃபிராங்க், சி. எஃப். ரூல் என்ற அச்செழுத்து வார்ப்பகத்தோடு சேர்ந்து 1908இல் வடிவமைக்கத் தொடங்கி 1910இல் முடித்த எழுத்து 'ஃபிராங்க் ரூல்'. ஒரு நூற்றாண்டுக் காலம் எபிரேயப் புத்தகங்களும் பத்திரிகைகளும் பெரும்பாலும் அந்த முகத்திலேயே வாசிக்கப்பட்டன. எபிரேய எழுத்தில் படுக்கைக் கோடு தடித்தும் நெடுக்கைக் கோடு மெலிந்தும் இருப்பது மரபு. 19ஆம் நூற்றாண்டு அச்சில் அந்த வேறுபாடு மிதமிஞ்சிப்போய், மெலிந்த கோடுகள் தாளில் மறைந்துவிடும் நிலை இருந்தது. ஃபிராங்க் அதைத் தணித்தார். யானெக் இயோன்டெஃப் என்ற வடிவமைப்பாளர் அதைத் திறந்த உரிமத்தில் 'ஃபிராங்க் ரூல் லிப்ரே' என்று ஐந்து தடிப்புகளில் மறுபடி வரைந்து தந்தார். இஸ்மார் டேவிட் 1954இல் வெளியிட்ட 'டேவிட்' எழுத்துக்கும் 'டேவிட் லிப்ரே' என்றொரு மறுபிறப்பு உண்டு. செய்தவர் மெயிர் சதான்.

அபயவுக்கும் ஃபிராங்க் ரூலுக்கும் நடுவே ஒரு வேறுபாடு இருக்கிறது. தமிழுக்கு அதுதான் முக்கியம். ஃபிராங்க் ரூல் ஈயத்தில் பிறந்தது. அதை எடுப்பவர் அச்சுத் தாளிலிருந்து வடிவத்தை மீட்கவேண்டும். அபய கணினியிலேயே பிறந்தது. வடிவம் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது, இடந்தான் தவறு. முதலாவது பெரும்பாலும் கண்ணின் வேலை, இரண்டாவது பெரும்பாலும் கணக்கின் வேலை. நமக்கு இரண்டுமே பாக்கி.

கண்ணின் வேலையை முதலில் பார்ப்போம். தமிழ் அச்செழுத்தின் வரலாறு இந்திய மொழிகளிலேயே பழையது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த சீகன்பால்கு குழுவினரின் எழுத்துகள், 1834இல் மானிப்பாயில் தொடங்கிய அமெரிக்க மிஷன் அச்சகம், 1841இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த உதயதாரகை, 1849இல் ஆறுமுக நாவலர் சென்னையில் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சியந்திரம் என்று அடுக்கலாம். ஆனால் தமிழ் எழுத்துருக் கலைக்கு உச்சம் எது என்று என்னைக் கேட்டால், சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஃபினியஸ் ஹண்ட் மேற்பார்வையில் வெட்டப்பட்ட எழுத்துகளையே காட்டுவேன். 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியைத் திறந்து பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு பத்தியாக, பொடி எழுத்தில், ஆனால் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், அரவும் ரகரமும் குழம்பாமல் ஓடுகிறது. ஓலையில் எழுத்தாணி ஓடிய கோட்டுக்குத் தடிப்பு மெலிவு கிடையாது. அதற்குத் தடிப்பும் மெலிவும் கொடுத்தது ஐரோப்பிய உளி. பல அச்சகங்களில் அது தமிழின் வளைவைக் கெடுத்தது. ஹண்டின் எழுத்தில் அப்படி நேரவில்லை.

அதை இன்று கணினிக்குக் கொண்டுவர நினைப்பவர் பக்கத்தை ஸ்கேன் செய்து கோட்டை அப்படியே வெட்டியெடுத்தால் கிடைப்பது எழுத்தின் வடிவம் ஆகாது, மையின் வடிவம். ஈய எழுத்தைத் தாளில் அழுத்தும்போது மை ஓரங்களில் கசியும். ஒரே பக்கத்தில் இருக்கும் பத்து ககரமும் பத்து விதமாக இருக்கும். அந்தப் பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான வடிவத்தை ஊகித்து, புதிதாக வரையவேண்டும். எந்த அளவு எழுத்திலிருந்து எடுப்பது என்பதும் கேள்வி. பொடி எழுத்தில் சுழிகளைத் திறந்தும் இடைவெளியைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். அதையே தலைப்பு அளவுக்குப் பெருக்கினால் எழுத்து அகன்று அசடு வழியும்.

அதற்குப் பிறகு எழுத்துகளின் எண்ணிக்கை. எபிரேயத்தில் 22 எழுத்து, சொல்லிறுதியில் மாறும் 5 வடிவம், உயிர்க்குறிகள். தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம், கிரந்த எழுத்துகள், கொம்புகள், அரவு. இவற்றோடு உகர ஊகார வடிவங்கள். 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36, எல்லாமே தனித்தனி வடிவம். குவும் சுவும் டுவும் பூவும் ஒரே விதியில் அமைவதில்லை. டி, டீ தனி. எண்ணிக்கை தேவநாகரி அளவுக்குப் பெரிது இல்லை. சொல்லப்போனால் அது சிறிதாக இருந்ததுதான் நமக்கு வினையாயிற்று. 256 இடங்களுக்குள் தமிழை அடக்கிவிட முடிந்ததால் பாமினி போன்ற எழுத்துருக்கள் நன்றாகவே வேலை செய்தன. நன்றாக வேலை செய்வதை யாரும் எளிதில் விடமாட்டார்கள்.

பழைய புத்தக எழுத்தை மீட்பவர் 1978ஐயும் கடக்கவேண்டும். அவ்வாண்டு ஒக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை, ளை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அது தமிழ்நாட்டு ஆணை. இலங்கை அச்சகங்கள் மறுநாளே ஈய எழுத்தை உருக்கிவிடவில்லை. ஆகவே இங்குள்ள பழைய நூல்களில் தும்பிக்கை வைத்த லையும் ணையும் நீண்ட நாள் வாழ்ந்தன. ஒருங்குறியில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றே; வடிவம்தான் வேறு. நல்ல எழுத்துரு இரண்டு வடிவையும் தனக்குள் வைத்துக்கொண்டு, வேண்டுபவருக்கு வேண்டியதைக் காட்டும். 'லோஹித் தமிழ் கிளாசிக்கல்' என்ற கட்டற்ற எழுத்துரு பழைய வடிவங்களைத் தருகிறது. நிறையப் பேர் அறியாத ஒன்று.

கட்டற்ற தமிழ் எழுத்துருக்களுக்குப் பஞ்சம் என்று சொல்ல வரவில்லை. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன் ஒன்பது தடிப்புகளில் இருக்கிறது. இலங்கையரான தாரிக் அஸீஸ் பவனத்தையும் கவிவனரையும் தந்தார். கவிவனர் கையெழுத்துச் சாய்வில் அமைந்தது. ஏக் டைப் குழுவின் முக்த மலர், பலூ தம்பி, அனேக் தமிழ், கூகுளின் நோட்டோ வரிசை, தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுமக்களுக்குத் தரும் கபிலர், மருதம் முதலிய எழுத்துருக்கள் என்று பட்டியல் நீளும். அதிராம்பட்டினத்து உமர்தம்பி தேனீ எழுத்துருவை இணையத்துக்குத் தந்தது, ஒருங்குறி என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலத்தில். இவற்றுள் பெரும்பாலானவை திரைக்கும் தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் ஏற்றவை; புதிதாக வரையப்பட்டவை. நீண்ட நேரம் வாசிக்கும் புத்தக எழுத்து என்ற நோக்கில் பார்த்தால், ஃபெர்னாண்டோ மெல்லோவும் ஃபியோனா ராஸும் வரைந்த டிரோ தமிழ்தான் மரபுக்கு அருகில் வருகிறது. அதைக்கூட ஈழத்து, மலையகத்துப் பதிப்புகளில் நான் காண்பது அரிது.

பழைய எழுத்தை ஏன் மீட்கவேண்டும், அழகுக்காகவா என்று கேட்கலாம். அழகு காரணமாகவே மீட்டாலும் தப்பில்லை. அதைவிட உறுதியான காரணம் ஒன்று உண்டு. தெமோதரையிலிருந்து அதிகம் தள்ளியில்லை, ஹாலிஎலப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டம். தெளிவத்தை ஜோசப் 1934இல் பிறந்தது அங்கே. அவருடைய நாமிருக்கும் நாடே 1979இல் வெளிவந்தது. 1920களிலிருந்து கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் தோட்டத் தொழிலாளருக்காக அச்சிட்டவை, 1930இல் தொடங்கிய வீரகேசரியின் பக்கங்கள் என்று மலையகத்தின் எழுத்து முழுக்க ஈய எழுத்தில் கிடக்கிறது. 2005 முதல் நூலகம் திட்டத்தார் இலங்கைத் தமிழ் ஆவணங்களை ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிறார்கள். ஸ்கேன் செய்த பக்கம் என்பது படம். அதைக் கணினி வாசித்து எழுத்தாக்கினால்தான் அதற்குள் தேடமுடியும். டெசரக்ட் போன்ற கட்டற்ற எழுத்துணரி மென்பொருள்களுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி என்றால், கையில் இருக்கும் எழுத்துருக்களில் லட்சக்கணக்கான வரிகளைக் கணினியாலேயே வரைந்து, அவற்றை வாசிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். நம் கையில் இருப்பவை விளம்பரத்துக்கான நேர்த்தியான எழுத்துருக்கள் மட்டுமென்றால், மை கசிந்த ஈய எழுத்தையும் தும்பிக்கை லையையும் அது எங்கே பார்த்திருக்கும்? பழைய அச்சு எழுத்தின் வடிவில் ஒரு கட்டற்ற எழுத்துரு இருந்தால், அதைக்கொண்டே கணினிக்கு அந்தப் பக்கங்களை வாசிக்கப் பழக்கலாம். உரிமம் திறந்திருந்தால் அதற்கு யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

கணக்கின் வேலைக்கு, அதாவது பாமினிக்கு, வருகிறேன். ஜெர்மனியில் வாழும் ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி பாமினி உரையை ஒருங்குறிக்கு மாற்றித் தந்ததால் எத்தனையோ பத்திரிகைக் கட்டுரைகள் பிழைத்தன. விசைப்பலகை விஷயத்திலும் வழி இருக்கிறது. பாமினிக்காரர்களின் விரல் பழகியது ரெங்கநாதன் தட்டச்சு முறை; அதே முறையில் ஒருங்குறியிலும் அடிக்கலாம். பிறகும் ஏன் கொமியூனிகேஷன் கடையில் பாமினி நிற்கிறது? கடைக்காரரிடம் சேர்ந்துகிடக்கும் மாதிரிப் படிவங்கள் ஒரு காரணம். வாடிக்கையாளரின் கண் இன்னொன்று. பிரதேச செயலகத்துக்குப் போகும் கடிதம் இப்படித்தான் இருக்கும் என்று மக்கள் பழகிய முகம் பாமினியின் முகம். பாமினியைவிட அழகான எழுத்தைக் காட்டினாலும் 'இது பத்திரிகை எழுத்து மாதிரி இருக்கே' என்று தள்ளிவிடுவார்கள்.

உரிமம் என்ற முடிச்சும் இருக்கிறது. பாமினி காசு கொடுக்காமல் கிடைத்தது. ஆனால் நெகிழ்வட்டிலும் குறுவட்டிலும் கைமாறிப் பரவியபோது பெரும்பாலான பிரதிகளோடு எந்த உரிம வாசகமும் வரவில்லை. காசில்லாமல் கிடைப்பதும் திருத்திப் பகிரும் உரிமை கிடைப்பதும் வேறு வேறு. அபய விஷயத்தில் மூலக் கலைஞர் யார் என்று தெரியும், பெயரும் போட்டாயிற்று. திறந்த எழுத்துரு உரிமம், திருத்திய எழுத்துருவும் அதே உரிமத்தில்தான் வெளிவரவேண்டும் என்கிறது. எழுத்துருவைத் தனியாக விற்கக்கூடாது என்கிறது. மூலப் பெயரை ஒதுக்கிவைத்துக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. தமிழில் இதைச் செய்ய நினைப்பவர் வடிவத்தை வரைவதற்கு முன் ஒரு கடிதம் எழுதவேண்டியிருக்கும். உரியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், பழைய கோப்பைத் தொடாமல் அச்சிட்ட தாளைப் பார்த்துப் புதிதாக வரைவதே நேர்மையான வழி.

தெமோதரை நிலையத்தில் ரயில் பாதை மலையைச் சுற்றி இறங்கி, நிலையத்துக்கு அடியிலேயே குகை வழியாகப் போகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகை கட்டிய விதத்தைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று ஊரில் ஒரு கதை. அந்தப் பாதை 1924இல் பதுளையை எட்டியது. இலங்கையின் எந்த நிலையத்திலும்போல இங்கும் பெயர்ப் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். பதுளை மாவட்டத்தின் பல செயலகப் பிரிவுகளில் அலுவலகக் கடதாசியும் அப்படி இருக்கவேண்டியதுதான். மேலும் கீழும் உயிர்க்குறி ஏறும் சிங்களத்துக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். தமிழோ அகலத்தைக் கேட்கும். ஒரே அளவு எண்ணில் அபய லிப்ரேயையும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவையும் பக்கத்தில் வைத்தால் தமிழ் பெருத்தோ சிறுத்தோ தெரியும். மொழிச் சமத்துவம் பேசும் கடதாசியிலேயே ஒரு மொழி இரண்டாந்தரமாகத் தெரியும். சிங்களத்தின் துணையாக வரையப்பட்ட, அபயவோடு தோள் சேர்ந்து நிற்கக்கூடிய ஒரு தமிழ் எழுத்து இந்த மாவட்டத்துக்குத் தேவை.

எதை முதலில் செய்வது என்றால், மனம் ஹண்டின் பக்கம் சாய்ந்தாலும் என் வாக்கு பாமினிக்கே. வரைபவர் அதன் கோணலான இடங்களைத் திருத்தலாம். ஆனால் ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் பழையபடியே விடவேண்டும். ரெட் ஹட் நிறுவனம் 2007இல் 'லிபரேஷன்' எழுத்துருக்களை வெளியிட்டபோது ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் ஆகியவற்றின் அகலத்தையே அவற்றுக்கும் வைத்தது. பழைய கோப்புகளில் வரி உடையாமல் இருந்ததற்கு அதுவே காரணம். இங்கும் அப்படிச் செய்தால், கடைக்காரர் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கும் விண்ணப்பப் படிவத்தை ஒருங்குறிக்கு மாற்றும்போது புள்ளிக்கோடு நகராது, கையொப்பமிடும் இடம் அடுத்த பக்கத்துக்குத் தாவாது, கவுண்டரில் இருப்பவர் 'இது பழைய ஃபோர்ம் இல்லையே' என்று திருப்பி அனுப்பவும் மாட்டார்.